சாய்ந்த கமரா

பழைய புகைப்படமொன்றினை அதே இடத்தில் மீண்டும் எடுத்து ஒப்பிடுவோர், மாறியது நிலமே எனக் கொள்வது வழக்கம். 1984இல் வெளியான 'செக்கன்ட் வியூ' என்னும் நூல் இவ்வெண்ணத்தை ஆட்டங்காணச் செய்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், 1860களிலும் 1870களிலும் அரச ஆய்வுக் குழுக்களுடன் சென்ற புகைப்படக்காரர் எடுத்த படங்களை, மார்க் கிளெற்றும் அவர்தம் குழுவினரும் 1977 முதல் 1979 வரை மீண்டும் எடுத்தனர். இடத்தைக் கண்டறிதல் மட்டும் போதவில்லை. நிழல் விழும் வகைகொண்டு பருவத்தையும் பொழுதையும் கணித்து, முன்னவர் நின்ற புள்ளியிலேயே கமராவை நிறுத்த வேண்டியிருந்தது.

இக்கண்டிப்பின் பயன் யூற்றா மாநிலத்து வீபர் பள்ளத்தாக்கிற் புலனாகின்றது. திமொதி ஓ'சலிவன் 1869இல் அங்கு எடுத்த பாறைக் காட்சியை 1978இல் அவ்வாறே பெறுதற்குக் கமராவைச் சாய்க்க வேண்டியதாயிற்று. நேராக வைத்தபோது குன்றின் சரிவே வேறாகத் தோன்றியது. புவியியற் சான்றென மதிக்கப்பட்ட படத்திலும் ஒருவரது தெரிவு கலந்திருந்தது. (இதுகொண்டு ஓ'சலிவனைப் பொய்யர் என்பது மிகை. சட்டமிடாத புகைப்படம் எங்குமில்லை.)

எனினும், முன்னவர் திரும்பாத திசையிற் பின்னவரும் திரும்பாமை இம்முறையின் பெருங்குறையாகும். ஷோஷோனி, யூட் மக்கள் வாழ்ந்த பிரதேசம் அது. ஆளற்ற பாறைவெளியாக அன்று காட்டப்பட்ட இடம், மிகுந்த நேர்மையோடு எடுக்கப்பட்ட இரண்டாம் படத்திலும் ஆளற்றதாகவே மீள்கின்றது. 1997 முதல் 2000 வரை அவ்விடங்களுக்கு மூன்றாம் முறை சென்ற கிளெற் குழுவினர், உள்ளூரவர் பேச்சினையும் பதிவு செய்தனர்; நிலத்திற் கிடந்த பொருள்களையும் சேகரித்தனர்.