திமிரு யாருக்கு? – 'அரகண்ட்' முதல் ஆணவக் கொலை வரை

'அரகண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் ஆணவம், திமிர், செருக்கு, இறுமாப்பு என்று வரிசையாகக் கிடைக்கும், எல்லாம் ஒன்றுதான் என்பதுபோல. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு இடத்திலிருந்து கிளம்பி வந்தது.

அரகண்ட்டின் வேர் லத்தீன். 'அட்' என்றால் தன்பக்கம், 'ரொகாரே' என்றால் கேட்பது. இரண்டும் சேர்ந்து, தனக்கு உரிமையில்லாத ஒன்றைத் தன்னுடையது என்று கோருவதைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, அது வெறும் குணத்தின் பெயர் அல்ல. ஓர் அத்துமீறலின் பெயர்.

திமிர் உடம்பிலிருந்து வந்த சொல். மரத்துப்போவது, விறைத்துப்போவது என்பது அதன் பொருள். திமிர்வாதம் என்ற நோய்ப்பெயரில் இன்னும் இருக்கிறது. ஆணவமோ சைவ சித்தாந்தம் சொல்லும் மும்மலங்களில் முதலாவது. அதன் வேர் 'அணு'. எங்கும் விரியவேண்டிய உயிரை அணுவாகச் சுருக்கி மறைக்கும் இருள் அது. தன்னைப் பெரிதாக நினைக்கும் நோய்க்குச் சிறுமையிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள்!

சரி, இந்தச் சொற்களை நாம் யார்மேல் எறிகிறோம்? எங்க வரிச்சிக்குடிப் பக்கம் "என்னா திமிரு பாத்தியா" என்பது பெரும்பாலும் மேலேயிருந்து கீழே விழும் பேச்சு. கூலியை உயர்த்திக் கேட்டவருக்குத் திமிர். பிடிச்சவனைக் கட்டிக்கிட்ட பொண்ணுக்குத் திமிர். லத்தீன் கணக்குப்படி பார்த்தால் இவர்கள் யாரும் அரகண்ட் இல்லை. தங்களுக்கு உரியதைத்தான் கேட்டார்கள்.

அந்தப் பெண்ணின் வாழ்க்கை தங்கள் சொத்து என்று கோரி, அவள் கட்டிக்கிட்டவனை வெட்டுகிறவர்கள்தான் அந்தச் சொல்லுக்கு முழுப் பொருத்தம். ஆனால் அந்தக் கொலைக்கு நாம் வைத்திருந்த பெயர் 'கௌரவக் கொலை'. 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய கொலைகளைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தீர்ப்பிலும் ஆங்கிலத்தில் 'ஹானர்' என்ற சொல்தான் நிற்கிறது.

தமிழில் 'ஆணவக் கொலை' என்ற பெயர் பரவியது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டதைப் பற்றி எழுதும்போது இன்று பலரும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். கொன்றவனுக்குக் கௌரவமும் காதலித்தவளுக்குத் திமிரும் என்றிருந்த கணக்கை அது தலைகீழாக்கிவிட்டது. சாதியைப் பெரிதாக நினைத்தவன் எவ்வளவு சுருங்கிப்போனான் என்பதையும் அந்த 'அணு' சொல்லிவிடுகிறது.

பெயர் மாறினால் அரிவாள் நின்றுவிடாதுதான். ஆனால் கொலைகாரன் ஒளிந்துகொள்ள ஒரு நல்ல வார்த்தை குறைந்திருக்கிறது. அடுத்து, அந்தத் "திமிரு பாத்தியா"வைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லப் பழகலாம்.