சொற்பெருக்கமும் துறைமுகமும்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விழையும் மாணவர்க்கு ஆசிரியர் பலர் இன்றும் எடுத்துக் கொடுக்கும் நூல் நார்மன் லூயிஸ் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’. 1949இல் அமெரிக்காவில் வெளிவந்து 1978இல் திருத்தப்பெற்ற இந்நூலின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. கிரேக்க, இலத்தீன் வேர்களைக் காட்டி, ஒரு வேரிலிருந்து பல சொற்கள் கிளைக்கும் முறைமையை அது தெளிவாக விளக்குகின்றது. பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரித்தறிய நன்னூலிற் பயின்ற மாணவனுக்கு இம்முறை அயலானதன்று. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பாடசாலையில் ஒருவரையொருவர் அறியாதவர்போல் நடந்துகொள்வதால், அவ்வுறவை அவன் உணராமற் போகின்றான்.

ஆனால், எத்தகைய சொற்களை இந்நூல் தெரிந்தெடுக்கின்றது? மனிதரின் குணபேதங்கள், மருத்துவ நிபுணரின் பிரிவுகள், நண்பரைப் புகழவும் பகைவரை ஏசவும் உதவும் சொற்கள். பொய்யரைக் குறிக்க மட்டும் தனியே ஓர் அத்தியாயம்! (அரசியல் அறிக்கைகளைப் படிப்போர்க்கு அது பயன்படக்கூடும்.) விருந்துக்கூடத்திலும் அலுவலகத்திலும் தன்னை நிலைநாட்டிக்கொள்ள விரும்பும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தவனின் தேவை அது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோரின் தேவை வேறு.

1987 யூலை 29 அன்று, இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனாவும் பரிமாறிக்கொண்ட ஆங்கிலக் கடிதங்களை எடுத்துக்கொள்வோம். திருகோணமலையையோ இலங்கையின் பிற துறைமுகங்களையோ, இந்திய நலன்களுக்குப் ‘பிரெஜுடிஷியல்’ ஆகும் வகையில், எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் அளிப்பதில்லை என்பது அவற்றிற் கண்ட இணக்கங்களுள் ஒன்று. வேரைப் பிரித்தால் ‘முன்’, ‘தீர்ப்பு’ என்னும் இரு கூறுகள் கிடைக்கும். விசாரியாது முன்கூட்டியே தீர்ப்பளிப்பவன் பிறனுக்குத் தீங்கிழைக்கின்றான். ஆதலால் சட்ட வழக்கில் அச்சொல் ‘பாதகமான’ என்று பொருள்படும். இதுவரை லூயிஸின் முறை நம்மை அழைத்துச் செல்லும். பாதகம் எது, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாவை அச்சொல் திறந்தே வைத்திருப்பதைக் காண்பதற்கோ வேரறிவு போதாது. துறைமுகத்தின் வரலாறும் தெரிந்திருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் தம் அமெரிக்க ஆங்கிலப் பாடநூலின் ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்தவற்றை, சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட தமது நூலில் ஆராய்ந்துள்ளார். அயற் பாடத்தைத் தம் வாழ்வோடு பொருத்திக்கொள்ள மாணவர் தாமே முயல்வதற்கு அவை சான்றாகும். நம் ஆசிரியர்கள் அவ்வோரத்தையே பாடமாக்கலாம். ‘லீஸ்’ என்பதன் அருகே குத்தகை என்றும், ‘ஜொயின்ட் வென்ச்சர்’ என்பதன் அருகே கூட்டு முயற்சி என்றும் எழுதியபின், யாருக்கு, எத்தனை காலத்துக்கு என வகுப்பிலே வினவலாம்.

விடை தொலைவில் இல்லை. பிரித்தானியர் கட்டிய சீனக்குடா எண்ணெய்க் குதங்களுள் எஞ்சியவை 99. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி, லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் பங்குகொள்ளும் கூட்டு நிறுவனத்துக்கு 61 எனப் பகிரப்பட்டன. குத்தகைக் காலம் 50 ஆண்டுகள். இன்று பத்தாம் வகுப்பிலே சொற்களை மனனம் செய்யும் திருகோணமலை மாணவி, அக்காலம் முடியும்போது அறுபதைக் கடந்திருப்பாள்.