ஊவாத் தோட்டங்களிற் காமன் கூத்து: தப்பிசையை முன்னிறுத்திய ஒரு மதிப்பீடு

மலையகத் தோட்டப்புறங்களில் நிகழும் திறந்தவெளி அளிக்கைகளுட் காமன் கூத்து மிக நீண்ட காலத்தைக் கொள்வது. மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையிற் கம்பம் ஊன்றுவதோடு தொடங்கும் இக்கூத்து, பௌர்ணமியை ஒட்டிய காமதகனம் வரை ஏறத்தாழ இரு வாரங்கள் நீடிக்கின்றது. பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் காலமும் அதுவே. இக்கூத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் கதையையும் சடங்குகளையும் விரித்துரைப்பர். ஓர் அளிக்கை என்ற வகையில் அது எங்கே சிறக்கின்றது, எங்கே தளர்கின்றது என்னும் வினாவை எழுப்புவோர் குறைவு. பாரம்பரியம் என்று போற்றுவதே ஒரு கலையை விமர்சனத்துக்கு அப்பால் நிறுத்திவிடும் வழியாகவும் அமைந்துவிடலாம்.

காமன் கூத்தின் உயிர்நாடி தப்பிசையாகும். தப்படிப்போரின் சமூக நிலையைக் கணக்கிற் கொள்ளாத எந்த மதிப்பீடும் இக்கூத்தைப் பொறுத்தவரை அரைகுறையானதே. இதுவே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

கதையும் களமும்

கதை யாவரும் அறிந்ததே. சிவன் தவத்தில் அமர்ந்துவிட, அசுரரின் கொடுமை தாங்காத தேவர்கள் அத்தவத்தைக் கலைக்குமாறு காமனை ஏவுகின்றனர். ரதி தீய கனவு கண்டு தடுக்கின்றாள். அவன் கேளாது சென்று கணை தொடுக்க, நெற்றிக்கண்ணால் எரிகின்றான். பின்னர் ரதியின் வேண்டுதலால் அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகுமாறு உயிர் பெறுகின்றான்.

காமன் தன் விருப்பத்தால் எரிந்தவன் அல்லன். ஏவலை நிறைவேற்றப் போய் எரிந்தவன். அவனை அனுப்பிய தேவர்களுள் ஒருவரேனும் அந்நெருப்பின் முன் நிற்கவில்லை. மேலிருந்து வரும் ஆணைக்குத் தலைமுறை தலைமுறையாக உடலை ஒப்புக்கொடுத்த ஒரு மக்கட் கூட்டம் இக்கதையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டமை வியப்புக்குரியதன்று. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட இக்கதை, தோட்டத்து மண்ணிற் புதிய பொருளையும் ஏற்றது எனலாம்.

கூத்தின் களம் காமன் பொட்டலோடு முடிவதில்லை. ரதியும் மதனும் வேடம் புனைந்து லயம் லயமாக, வாசல் வாசலாக ஆடி வருவர். குழந்தையைத் தோளிற் சாய்த்து நிற்கும் தாயும், மறுநாள் கொழுந்தெடுக்கச் செல்லவேண்டியவளும் தம் வாசலிலேயே அவ்வாட்டத்தைக் காண்கின்றனர். பார்ப்போருக்கும் ஆடுவோருக்கும் இடையே எல்லைக்கோடு இல்லை. மேடை நாடகத்துக்குரிய அளவுகோலைக் கொண்டு இதனை அளப்பது பொருந்தாது. தளர்வான உச்சரிப்பும் நீண்ட இடைவெளிகளும் மண்டபத்திற் குறைகளாகத் தோன்றும். இரவு முழுதும் நடந்து திரியும் ஒரு கூத்தில் அவை மூச்சுவாங்கும் இடங்களாகின்றன.

தப்பின் இரு பணிகள்

வட்டமான மரச் சட்டத்தில் இழுத்துப் பொருத்திய தோலே தப்பு. ஒரு கையிற் குறுகித் தடித்த குச்சியும் மறுகையில் நீண்டு மெலிந்த குச்சியும் கொண்டு அது அடிக்கப்படுகின்றது. மலைநாட்டின் குளிரிலும் பனியிலும் தோல் தளர்ந்துவிடுவதால் இடையிடையே தீயிற் காய்ச்சவேண்டும். கவ்வாத்து மிலாறைக் கொளுத்தி அதன் வெப்பத்திற் சுதி ஏற்றுவது கூத்திரவின் பிரிக்க முடியாத காட்சியாகும். தேயிலைச் செடியிலிருந்து வெட்டப்பட்ட குச்சியே அச்செடியை வளர்த்தவனின் இசைக்குச் சூடேற்றுகின்றது.

சாவுக்கு ஓர் அடி, கோயிலுக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி எனத் தப்பின் மொழி வகைப்படும். இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஒரு காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் இத்தப்பே. அது பெரட்டுத் தப்பு எனப்பட்டது. உழைப்பை ஒழுங்குபடுத்தத் தோட்ட நிர்வாகம் பயன்படுத்திய கருவியே, மாசி இரவுகளில் அம்மக்களின் சொந்தக் குரலாக மாறியது. பகலின் ஆணையை இரவின் ஆட்டமாக மாற்றிய இச்செயலிலேயே காமன் கூத்தின் அழகியல் அடங்கியுள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை தமது தேயிலைத் தோட்டக் கவிதையில் தப்பின் ஒலியை இம்மக்களின் வாழ்க்கைத் துடிப்பாகக் கேட்டமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

தப்படிப்போர் ஆடுவோரின் பாதத்தை நோக்கி நிற்கும்போது கூத்து உயிர் பெறுகின்றது. அடி காலைத் தொடர்கின்றதா, கால் அடியைத் தொடர்கின்றதா என்று பிரித்தறிய முடியாத நிலையே நல்ல அளிக்கையின் அடையாளம். ஒலிபெருக்கி ஆட்சி செய்யும் களத்தில் இவ்வுறவு அறுந்துபோகின்றது. திரையிசை மெட்டுகள் இடையிற் புகுவதை மட்டும் குறைகூறுவது எளிது. எந்த மக்கட் கலையும் தன் காலத்து இசையை ஏற்றே வளர்ந்தது. பாடகரின் குரல் ஒலிவாங்கியிற் பெருக, தப்பு தொலைவில் ஒலிக்கும் பின்னணியாக ஒடுங்குவதே உண்மையான இழப்பாகும். ஆடுபவர் அப்போது இசையைக் கேட்டு ஆடுவதில்லை; நினைவிலிருந்து ஆடுகின்றார்.

ரதியின் குரல்

கூத்தின் உச்சம் ரதியின் புலம்பல். மரபுப்படி ரதி வேடத்தையும் ஆணே ஏற்கின்றான். விரதமிருந்து வேடம் புனையும் அவனைப் பெண்கள் தெய்வமாகவே எதிர்கொள்கின்றனர். ஆயினும், லயங்களில் ஒப்பாரியை வளர்த்தெடுத்தோர் பெண்களே. இழப்பைச் சொல்லாக்கும் அவர்தம் திறன் எந்தக் கூத்துக் கலைஞனின் திறனுக்கும் குறைந்ததன்று. ரதியின் புலம்பலை அவர்கள் தம் ஒப்பாரியை உரைகல்லாகக் கொண்டே கேட்கின்றனர். புலம்பல் மனப்பாடமாக ஒலித்தாற் கூட்டம் கலைகின்றது. இறந்தவனை விளித்துப் பேசும் நெருக்கம் அதிற் கூடினால் முந்தானைகள் கண்களை நாடுகின்றன. அத்தகைய தேர்ந்த சுவைஞர்க்கு ஆடுகளத்தில் இடமில்லாமை, மரபின் பெயரால் நியாயப்படுத்த முடியாத குறைபாடாகும். தமிழகத்தில் 1990கள் முதல் திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவற்றிற் பெண்கள் பறையை ஏந்தி ஆடியமை, மரபு இவ்வகையில் நெகிழக்கூடியது என்பதைக் காட்டியது.

மங்கும் ஒலியின் காரணங்கள்

தப்பொலி மங்கி வருவது பற்றி வருந்துவோர் பலர். அதற்கு இளைஞரின் அக்கறையின்மையே காரணம் எனக் கூறுவது மேலோட்டமானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. ஏட்டில் எழுதாமல் நினைவிற் சுமந்த கலைக்கு, ஒரு குடும்பம் கப்பலேறுவது ஒரு நூல் எரிவதற்கு ஒப்பாகும். எஞ்சியோரின் பிள்ளைகளுட் பலர் பிழைப்புக்காகக் கொழும்புக் கடைகளுக்குச் சென்றனர். இரு வாரக் கூத்துக்கு ஆள் சேர்ப்பது அரிதாகியது.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. தப்படித்தல் ஒரு குறிப்பிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரின் கடமையாகவே விதிக்கப்பட்டது. ஒரே லயத்தில் வாழ்ந்து ஒரே மலையிற் கொழுந்தெடுத்தும் இவ்விழிவு தொலையவில்லை. ரதியும் மதனும் வாசலில் வணங்கப்படுகையில், அவர்களை ஆடவைக்கும் கலைஞன் விலகி நிற்கவேண்டியவனாகவே கருதப்பட்டான். அத்தகையவனின் மகன் தப்பைத் தொட மறுப்பானாயின், அம்மறுப்பைப் பண்பாட்டுச் சீரழிவு என்று எவ்வாறு பழிப்பது? அது தன்மானத்தின் குரலன்றோ? இழிவை அப்படியே விட்டுவிட்டு இசையை மட்டும் காப்பாற்ற முனைவோர், பெரட்டுத் தப்பை அடிக்கச் செய்தவரின் நிலையிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை.

விழா மேடைகள் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை, மறைக்கின்றன. இரு வாரக் கூத்து இருபது நிமிட நிகழ்ச்சியாகச் சுருங்கும்போது ரதி, மதன் ஆட்டமும் வண்ண உடையும் தங்குகின்றன. புலம்பலும் தகனமும் உதிர்கின்றன. தப்புக் கலைஞர் மேடையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றனர். பொன்னாடையும் பாராட்டுரையும் பெரும்பாலும் வேறெவரையோ சென்றடைகின்றன.

முடிவுரை

பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றிய வேளையில், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் அறிவு பல்கலைக்கழகத்தின் மதிப்பைப் பெற்றது. கிராமத்துக் கலைஞர் அங்கு ஆசிரியராக விளங்கினர். அம்மறுமலர்ச்சியின் மையம் மட்டக்களப்புக் கூத்தாக இருந்தமையால், மலையகத்தின் தப்புக் கலைஞர்க்கு அவ்வாசிரியத் தகுதி அன்று கிட்டவில்லை. இன்று செய்யவேண்டியது அதுவே. கூத்தை இரவு முழுவதும் அதன் களத்திலேயே ஒலிப்பதிவு செய்தல். தப்பின் அடிவகைகளை அடித்தவரின் பெயரோடு ஆவணப்படுத்துதல். சாதி எல்லையும் பால் எல்லையும் கடந்து விரும்பியோர் அனைவரும் கற்க வழிசெய்தல். கற்பிப்போர்க்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் இருக்கையும் அளித்தல் ஆகியன உடனடித் தேவைகள். தப்பை அடிப்பவன் தலைநிமிர்ந்து அடிக்கும் நாளிலேயே காமன் கூத்து முழுமையான மக்கட் கலையாகும். அதுவரை நாம் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொள்வது அதன் வேடங்களை மட்டுமே.