காட்சிக் கிராமமும் கலையின் நிலமும்

மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலே ஒரு பெருக்கமரம் நிற்கின்றது. அதன் அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் இக்கரைக்குக் கொணர்ந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. வேற்று நிலத்து வித்து நம் மண்ணில் வேரூன்றி நம் மரமே ஆகிவிட்டது. கலையும் இவ்வாறு இடம்பெயர்ந்து வாழ வல்லதோ? இந்நாளில் உலகெங்கும் எழுந்துள்ள ‘பண்பாட்டுக் கிராமம்’ என்னும் அமைப்பினை மதிப்பிட இவ்வினாவே தக்க அளவுகோலாகும்.

தென்னாபிரிக்காவின் சாகாலாந்து என்னும் கிராமம், 1986இல் ஒளிபரப்பான ‘சாகா சூலு’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கெனக் கட்டப்பெற்றது. படப்பிடிப்பு முடிந்தபின் அதுவே பயணியர் காணும் காட்சிக் கிராமமாயிற்று. மாட்டுப்பட்டியைச் சூழ வட்டமாக நிற்கும் புற்குடில்களையும் சூலு மக்களின் ஆடலையும் கட்டணம் செலுத்தியோர் கண்டு களித்தனர். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தக்ஷிணசித்திரா இதனினும் மேம்பட்டது. அங்கே பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீளக் கட்டியுள்ளனர். ஆதலின் அவை போலியல்ல. அழிந்தொழிய இருந்த தச்சுத் திறனைக் காத்தமைக்காக அம்முயற்சி போற்றத்தக்கதே. எனினும், அவ்வீடுகளின் அடுப்பில் எவருக்காகவும் உலை கொதிப்பதில்லை.

இக்குறையின் இயல்பைத் தொல்காப்பியர் நெறிகொண்டு விளக்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவும் மரமும் பறையும் யாழும் போல்வன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். காட்சிக் கிராமம் கருப்பொருள்களை ஒருங்கே திரட்டித் தருகின்றது. ஆனால் விளைவுக்கும் மணத்துக்கும் உரிய பொழுது, காட்சி நேரமாக மாறிவிடுகின்றது. உரிப்பொருளோ முற்றிலும் நீங்கிவிடுகின்றது. முதலும் உரியும் இன்றிக் கரு மட்டும் நிற்பின் அது திணையாகாது, பண்டசாலையே ஆகும்.

இதற்கு மறுதலையான சான்று நம் கடற்கரைக்குத் தெற்கே புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் உண்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகியோராற் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்தம் ‘மஞ்சா’ என்னும் பாடலாடலுக்கு உரிய மொழி போர்த்துக்கேயக் கிரியோல். சிரட்டையும் கரண்டியும் போத்தலுமே இசைக்கருவிகளாகின்றன. மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக விரையும் அத்தாளத்துக்குக் குடிலும் வேண்டா, புலித்தோலும் வேண்டா. அன்றாட மொழி சிங்களமாகிவிட்டமையால் இளையோர் பலர்க்குப் பாட்டின் பொருள் முழுதும் விளங்குவதில்லை. எனினும் பாட்டு நிலைத்துள்ளது. காரணம், தாயும் மகளும் பேத்தியும் ஒன்றாய் நின்று பாடுவதே.

மேடைக்கென எதனையும் மாற்றலாகாது என்பது நம் கருத்தன்று. மன்னார்க் கத்தோலிக்கரின் கூத்துமரபில், நீண்ட நாடகத்தைச் சுருக்கி ஓரிரவில் ஆடும் ‘வாசாப்பு’ உண்டு. அதனைச் சுருக்கியோர் அண்ணாவிமார். சுருக்கியது தம் ஊராருக்காக. பிழை கண்டு சிரிக்கவும், பாட்டின் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கவும் வல்ல அவையின் முன்னர் அது ஆடப்பெற்றது. காட்சிக் கிராமத்திலோ சுருக்குவது பயணியின் கடிகாரம். பிழையை அறியும் அவை அங்கு இல்லை. திருத்துவார் இல்லாத கலை நாளடைவில் தேய்ந்தொழியும்.

எனவே, மன்னாரிலும் இத்தகைய கிராமம் ஒன்று வேண்டும் என்பார்க்கு யாம் கூறுவது இதுவே: குடில் கட்டுமுன் அண்ணாவியாருக்கு மாணாக்கரைத் தேடுக, ஏட்டுப் பிரதிகளைப் படியெடுக்க, கூத்துக்கு அதன் கோயில் முற்றத்தையும் இரவையும் மீட்டுக் கொடுக்க. பயணிகள் வரின் வருக. ஊராரின் பின்வரிசையில் அமர்ந்து காண்க. பெருக்கமரம் ஈண்டு நிலைத்தது அதனைச் சுற்றி வேலி இட்டமையாலன்று. வேர் மண்ணைப் பற்றியமையாலேயே என்க.