நிலைகள் நிற்பதற்கு அல்ல

கராத்தே வகுப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே மாணவர் மனத்தில் ஒரு சந்தேகம் எழுந்துவிடும். தனியாகச் செய்யும் அசைவு வரிசையான கட்டாவின்போது முழங்காலை மடக்கித் தாழ்ந்து நில் என்கிறார்கள். எதிராளியோடு மோதும் குமிட்டே என்று வந்துவிட்டால் சொல்லித்தந்தவரே நிமிர்ந்து, குதிகாலைத் தூக்கித் துள்ளிக்கொண்டு நிற்கிறார். அப்படியானால் இத்தனை நிலைகளைப் பழகுவது எதற்கு? ஒருவன் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது முன்காலை மடக்கித் தாழ்ந்து நிற்கும் ஜென்குட்சு டாச்சி கைகொடுக்குமா? பெற்றோரும் கேட்கும் நியாயமான கேள்வி இது. மழுப்பாமல் பதில் சொல்லும் கடமை கற்றுத்தருகிற நமக்கு உண்டு.

உடலின் எடை ஒரு குத்திலோ பிடியிலோ இறங்கும் கணத்தில் கால்கள் கொள்ளும் வடிவம்தான் நிலை. அங்கேயே நின்று எதிராளிக்காகக் காத்திருக்க எந்த நல்ல ஆசானும் சொன்னதில்லை. ஷோட்டோகான் மரபின் தந்தை கிச்சின் ஃபுனாகோஷி (1868–1957) வகுத்த 20 நெறிகளில் ஒன்று, ஆயத்த நிலைகள் புதிதாகக் கற்பவர்களுக்கு உரியவை, பிற்பாடு இயல்பாக நிற்பதே முறை என்கிறது. அதற்கு அடுத்த நெறி, கட்டாவைப் பிசகாமல் செய்ய வேண்டும், மெய்யான சண்டையோ வேறு விஷயம் என்று எச்சரிக்கிறது.

நிலைகள் இவ்வளவு தாழ்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1901இல் ஆசான் அங்கோ இட்டோசு கராத்தேயை ஒகினாவாவின் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு சிலருக்கு மட்டும் கற்றுத்தந்த கலை, வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை சொல்லிச் செய்யவைக்கும் பயிற்சியாயிற்று. 1922இல் ஃபுனாகோஷி அதை டோக்கியோவில் செய்துகாட்டினார். பல்கலைக்கழக இளைஞர்கள் திரண்டார்கள். அவர் மகன் யோஷிதகா காலத்தில் நிலைகள் இன்னும் நீண்டன, தாழ்ந்தன. தொடை வலுவுக்கும் நீண்ட பாய்ச்சலுக்கும் அது அருமையான பயிற்சி. பயிற்சிக்காகத் தாழ்த்தியதைச் சண்டைக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டதில்தான் குழப்பம் தொடங்கியது.

ஒரே கட்டாவுக்கு இரண்டு மரபுகள் எப்படி நிற்கின்றன என்று பார்த்தாலே இது விளங்கும். நைஹாஞ்சி என்ற கட்டா, ஷோட்டோகானில் டெக்கி என்ற பெயரில், கால்களை நன்றாக அகற்றிய கிபா டாச்சியில் செய்யப்படுகிறது. சண்டைக்காரர் என்று ஒகினாவாவில் பேர்பெற்ற சோக்கி மொட்டோபு (1870–1944) அதையே குறுகலாக, நிமிர்ந்து செய்தார். அந்த நிலையை வலமோ இடமோ திருப்பினால் அதுவே சண்டைக்கான நிலை என்பது அவர் கொள்கை.

கோஜு-ரியூ மரபின் உயிர் சான்சின் என்ற கட்டா. அதன் நிலையில் முன்காலின் குதிகால் பின்கால் விரல்களுக்கு நேராக இருக்கும். பாதங்கள் சற்றே உள்நோக்கித் திரும்பும். ஆசிரியர் சுற்றிவந்து மாணவரின் தோளை அழுத்துவார், தொடையில் தட்டுவார். இருவர் முன்கையோடு முன்கை வைத்துத் தள்ளும் காகியே பயிற்சியில் இதன் பயன் உடனே தெரிந்துவிடும். வாடோ-ரியூவை நிறுவிய ஹிரோனோரி ஓட்சுகா ஜுஜுட்சுவில் ஊறியவர். அடிக்கு விலகி நகர்வதற்கு முதலிடம் தந்ததால், அவருடைய நிலைகள் குறுகியவை, உயர்ந்தவை.

மசுதாட்சு ஓயாமாவின் கியோகுஷின் மரபு 1969 முதல் முழு வலுவோடு அடிக்கும் பெரும்போட்டிகளை நடத்தியது. நெருங்கி நின்று மோதும் அந்தக் களத்தில் முன்காலை நீட்டி எடையை அதில் ஏற்றிவிட்டால் தொடையில் உதை விழும். எடை ஏறிய காலைச் சட்டென்று தூக்கித் தடுக்க முடியாது. அதனால் அங்கே நிமிர்ந்தே நிற்கிறார்கள்.

இதை வைத்துத் தாழ்ந்த நிலைகள் வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தந்தையிடம் ஷோட்டோகான் கற்ற பிரேசில் வீரர் லியோட்டோ மச்சிடா, கலப்புச் சண்டையான யுஎஃப்சியில் 2009இல் லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். எட்டாத தூரத்தில் நின்று, எதிராளி உள்ளே வரும் கணத்தில் பின்காலை உந்திக் குத்துவது அவர் பாணி. அந்தக் குத்து போய்ச் சேரும் இடத்தில் பின்கால் நீண்டிருக்கும்; முன் முழங்கால் மடங்கி, எடை முன்னே இறங்கியிருக்கும். நம் பிள்ளைகள் வரிசையில் நின்று பழகும் ஜென்குட்சுதான் அது. வந்த வேகத்தில் கலைந்தும்விடும்.

ஆகவே நம் பெல்ட் தேர்வுகளின் அளவுகோல் மாற வேண்டும். முழங்கால் கட்டைவிரலுக்கு நேரே இருக்கிறதா, பின்குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. இயல்பாக நிற்கும் மாணவர் ஒரே அசைவில் நிலைக்குள் இறங்கிப் பேடில் ஓங்கிக் குத்தி, உடனே வெளியேற முடிகிறதா? மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் கோகுட்சு என்ற பின்நிலையில் எடையைப் பின்னே இறக்கிக் கையை விடுவிக்க முடிகிறதா? எதிர்பாராமல் தள்ளினால் கால் தானாக இடம் பிடிக்கிறதா? இம்மூன்றும் வராதவருக்கு, நிலை எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்த பெல்ட்டை அவசரப்பட்டுக் கட்டிவிட வேண்டாம். இதற்கென்று புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் கால் மணி நேரம், நிலைகளை வரிசையில் செய்யாமல் துணையோடு செய்யவைத்தால் போதும்.