அரசு அளித்த மன்னிப்பும் வைல்டின் சிறைமடலும்

நம் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்றோர் பலருக்கு ஆஸ்கார் வைல்டு, தன் தோட்டத்திலிருந்து குழந்தைகளை விரட்டிய அரக்கனின் கதையை எழுதியவராகவே அறிமுகமாகியிருப்பார். கைகளிலும் கால்களிலும் ஆணித் தழும்புகளைத் தாங்கிய சிறுவன் ஒருவன் இறுதியில் வந்து, அவ்வரக்கனைத் தன் தோட்டத்திற்கு அழைத்துச் செல்வான். கதை வெளிவந்தது 1888இல். ஏழாண்டுகள் கழித்து, 1895 மே 25ஆம் நாள், அதை எழுதிய கைக்கு இலண்டன் நீதிமன்றம் ஈராண்டுக் கடுங்காவல் விதித்தது. ஆடவரோடு முறையற்ற உறவு கொண்டார் என்பது குற்றச்சாட்டு. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதற்கு ஆதாரம்.

2017 சனவரி 31ஆம் நாள் இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான புதியதொரு சட்டம், இத்தகைய வழக்குகளில் தண்டிக்கப்பட்டு இறந்துபோன ஆடவர்க்கு மன்னிப்பு வழங்கியது. அவர்கள் ஏறத்தாழ 49,000 பேர் என அப்போது கணக்கிட்டனர். சட்டம் எவர் பெயரையும் சொல்லவில்லை. செய்தித்தாள்கள் வைல்டின் பெயரைச் சொல்லின. அவர் கண்மூடி அப்போது நூற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழில் ‘மன்னிப்பு’ என்னும் சொல் கேட்பதற்கும் வழங்குவதற்கும் பொதுவாய் நிற்கிறது. ‘அரசு மன்னிப்பு’ என்று தலைப்பிட்டால், அரசு கேட்டதா, கொடுத்ததா என்பது வினைச்சொல்லைக் காணும்வரை விளங்காது. குறை என்று இலக்கணிகள் சொல்லலாம். இவ்விடத்தில் அம்மயக்கமே நமக்கு விளக்காகிறது. கணித மேதை ஆலன் டூரிங்கின் செய்தியைப் பாருங்கள். போர்க்காலத்தில் செருமானியரின் மறைமொழியை உடைக்கப் பேருதவி புரிந்தவர் அவர். 1952இல் இதே சட்டத்தால் தண்டிக்கப்பட்டு, சிறைக்கு மாற்றாக ஹார்மோன் மருந்தை உடலில் ஏற்க இசைந்தார், 1954இல் மாண்டார். 2009 செப்டம்பரில் பிரதமர் கோர்டன் பிரவுன் அரசின் சார்பில் டூரிங்கிடம் மன்னிப்புக் கேட்டார். 2013 திசம்பர் 24ஆம் நாள் அரசியார் டூரிங்கிற்கு மன்னிப்பு வழங்கினார். கேட்ட தரப்பே நான்கே ஆண்டுகளில் வழங்கும் தரப்பாக மாறிய விந்தையை யாரும் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை.

கருதியவர் ஒருவர் இருந்தார். 1974இல் தண்டிக்கப்பட்ட ஜார்ஜ் மான்டேகு என்னும் முதியவர், தமக்கு மன்னிப்பு வேண்டாம் என மறுத்தார். அதை ஏற்றால் குற்றத்தையும் ஏற்றதாகும், தம்மிடம் அரசு வருத்தம் தெரிவிப்பதே முறை என்று வாதிட்டார். அவர் சொன்னதில் சட்ட நுணுக்கமும் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி இம்மன்னிப்பு பழைய தீர்ப்பைத் தொடுவதில்லை. தீர்ப்பு தீர்ப்பாகவே நிற்கும். அதே ஆண்டில் செருமனி வேறு வழியில் சென்றது. 1945க்குப் பின்னர்த் தன் நீதிமன்றங்கள் வழங்கிய இத்தகைய தீர்ப்புகளையே செல்லாதவை ஆக்கி, தண்டிக்கப்பட்டவர்க்கு இழப்பீடும் அளித்தது. ஆங்கிலேயர் நமக்கு விட்டுச்சென்ற 377ஆம் பிரிவை, வயதுவந்தோர் இசைந்த உறவைப் பொறுத்தமட்டில் நம் உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் நீக்கியபோது, வரலாறு இம்மக்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்னும் கருத்தை நீதிபதி இந்து மல்ஹோத்ரா தம் தீர்ப்புரையில் எழுதினார். கேட்கவே கடமை என்றார். வழங்க என்று சொல்லவில்லை.

யார் யாரை மன்னிப்பது என்னும் இவ்வினாவோடு வைல்டின் சிறைமடலை மீண்டும் படித்தோம். 1897ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் ரெடிங் சிறையில், நீலநிறச் சிறைத்தாள்களில், நண்பர் ஆல்பிரட் டக்ளசுக்கு எழுதப்பட்ட நெடுமடல் அது. சிறையிலிருந்து அதை அனுப்ப இசைவு கிடைக்கவில்லை. விடுதலையாகும்போதுதான் கைக்கு வந்தது. 1905இல் ராபர்ட் ராஸ் அதைச் சுருக்கி வெளியிட்டு, ‘ஆழத்திலிருந்து’ எனப் பொருள்படும் இலத்தீன் தலைப்பை இட்டார். இறந்தோர்க்காக நாம் செபிக்கும் 130ஆம் திருப்பாடலின் தொடக்கம் அது என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. முழு மடல் திருத்தமாக அச்சேறியது 1962இல்.

சுருக்கப் பதிப்பு பலரை ஏமாற்றிவிட்டது என்றே சொல்வோம். அதில் டக்ளஸ் இல்லை, சினம் இல்லை. ஏதோ ஒரு தியான நூல்போல் அது தோற்றமளித்தது. முழு மடலோ வேறு. முதற்பகுதி வாசகரைச் சலிப்படையச் செய்யும்: எந்த விடுதியில் எந்த விருந்துக்கு எவ்வளவு செலவாயிற்று, யார் கடிதம் எழுதாமல் இருந்தார் என்று கணக்குப்பிள்ளையின் பேரேடுபோல் நீள்கிறது. ஆயினும் அப்பேரேடு இல்லாமல் பின்வரும் பக்கங்களுக்குப் பொருளில்லை. வெறுப்போடு அமர்ந்த ஒருவர், வெறுப்பைச் சுமந்தால் தாம் வாழ முடியாது என்று எழுதிக்கொண்டே கண்டடைகிறார். டக்ளசை மன்னிக்கிறார், மன்னித்த பின்னும் குற்றம் சாட்டுகிறார், மீண்டும் மன்னிக்கிறார். ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் நீண்டகாலம் அமர்ந்த எந்தக் குருவுக்கும் இத்தடுமாற்றம் பழக்கமானதே.

தம் பாவங்களையும் அவர் மறைக்கவில்லை. கொடுக்கப்பட்ட ஆற்றலை வீணடித்தது, தன் விருப்புறுதியைப் பிறரிடம் ஒப்படைத்தது, தாயும் தந்தையும் விட்டுச்சென்ற பெயரைச் சேற்றில் இழுத்தது, இன்பத்தையே தேடித் துன்பத்தின் பக்கம் திரும்ப மறுத்தது ஆகிய இவையனைத்தும் அங்கே உண்டு. ஆனால் தம்மைத் தண்டித்த சட்டம் அநீதியானது என்பதிலிருந்து அவர் ஓரடியும் பின்வாங்கவில்லை. மனம் வருந்தும் மனிதர் ஒருவர், தம் மனச்சான்று காட்டும் பாவத்தையும் அரசு காட்டும் குற்றத்தையும் வேறுபடுத்திப் பார்க்கிறார். மடலின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து.

வைல்டைப் புனிதராக்குவதற்கு இதைச் சொல்லவில்லை. வறிய இளைஞர்களைப் பணத்தாலும் பரிசுகளாலும் தம்பால் ஈர்த்தார் என்பது வழக்கில் வெளிப்பட்டது. மனைவி கான்ஸ்டன்சும் மைந்தர் இருவரும் அடைந்த துயரை எந்தச் சட்டமும் ஈடுசெய்யாது. கிறிஸ்துவைப் பற்றி மடலில் வரும் புகழ்பெற்ற பகுதியும் நம்மை முழுதும் நிறைவுசெய்யவில்லை. நாள்தோறும் காலையில் கிரேக்க மொழியில் நற்செய்தியைச் சிறிது சிறிதாகப் படித்து எழுதிய பகுதி அது, அழகானது. அவர் காணும் கிறிஸ்து தலைசிறந்த கவிஞர், பிறர் துயரைத் தம் கற்பனையால் தம்முடையதாக்கிக் கொள்பவர். ஆயினும் அக்கவிஞர் நமக்காகப் பலியான மீட்பராக அங்கே முழுமையாய் நிற்கவில்லை. சிலுவை ஒரு பேரழகாகவே எஞ்சிவிடுகிறது.

மடலில் நாம் மறக்கவியலாத இடம் வேறொன்று. கடனாளர் நீதிமன்றத்திற்குக் கைவிலங்குடன் வைல்டு அழைத்துச் செல்லப்பட்டபோது, கூட்டம் நிறைந்த நடைவழியில் ராஸ் காத்திருந்து, அவர் கடந்து செல்கையில் அமைதியாகத் தம் தொப்பியை உயர்த்தி வணங்கினார். அச்செயலுக்கு நன்றி சொல்லவும் சொற்கள் இல்லாமல் வைல்டு அதை நெஞ்சில் பூட்டி வைத்திருந்தார். அதில் மன்னிப்பின் சாயல்கூட இல்லை. மதிப்பு மட்டுமே இருந்தது.

திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம் அரசைமட்டும் சுட்டிக்காட்டி நிறுத்திவிட இயலாது. விடுதலையான நாளன்று ஒரு கத்தோலிக்க இல்லத்தில் ஆறு மாதம் தியானத்தில் தங்க அவர் இடம் கேட்டு எழுதினார் என்றும், மறுப்பு வந்தபோது உடைந்து அழுதார் என்றும் அங்கிருந்த தோழி ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். எல்லாத் தீயொழுக்கத்தையும் மனிதச் சட்டம் தடைசெய்ய வேண்டியதில்லை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே கற்பித்திருந்தார். குருமடத்தில் நாம் மனப்பாடம் செய்த பாடம்தான்; ஆனால் அதை இவ்விடத்தில் பொருத்திப் பார்க்க நெடுங்காலம் பிடித்தது. 1956இல் வெஸ்ட்மின்ஸ்டர் கர்தினால் கிரிஃபின் அமைத்த குழு, வயதுவந்த ஆடவர் தனிமையில் இசைந்து செய்வதைக் குற்றவியல் சட்டம் தண்டிக்கலாகாது என்று வோல்பெண்டன் ஆய்வுக்குழுவிடம் பரிந்துரைத்தது. தன் ஒழுக்கப் போதனையைக் கைவிடாமலே அக்குழு அவ்வாறு சொன்னது. 1967இல்தான் நாடாளுமன்றம் அதற்கு இசைந்தது. 2023 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு நேர்காணலில், ஓரினச் சேர்க்கையாளராய் இருப்பது குற்றமன்று என்று கூறிப் பாவத்தையும் குற்றத்தையும் பிரித்துக் காட்டினார். உலகம் அதைப் புதுமையாகக் கேட்டது.

நாம் வழங்கும் பாவமன்னிப்புக்கும் அரசின் மன்னிப்புக்கும் உள்ள தொலைவை வைல்டின் மரணப்படுக்கை காட்டுகிறது. 1900 நவம்பர் 29ஆம் நாள், பாரிசின் எளிய விடுதியறைக்கு, தாமும் கத்தோலிக்கராய் மாறியிருந்த ராஸ், திருப்பாடுகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை கத்பர்ட் டன்னை அழைத்துவந்தார். பேச இயலாத வைல்டு கையசைவால் இசைவு தெரிவித்தார் என்பர். நிபந்தனைத் திருமுழுக்கும் பாவமன்னிப்பும் நோயில்பூசுதலும் வழங்கப்பட்டன. மறுநாள் உயிர் பிரிந்தது. அங்கே கேட்கவும் ஏற்கவும் ஓர் ஆள் இருந்தார். இறந்தோரை நாம் மன்னிப்பதில்லை, அவர்களுக்காகச் செபிக்கிறோம். இறந்தவரை மன்னிக்கும் அரசோ, அவர் கேளாத ஒன்றை, தான் செய்த தவற்றுக்காக, அவருக்கே கொடுக்கிறது.

இதனினும் சிறியதொரு செயல் நமக்கு நேரியதாகத் தோன்றுகிறது. தண்டனைக்குப்பின் 1895 சூன் மாதத்தில் பிரித்தானிய அருங்காட்சியகம் தன் படிப்பகத்தில் நுழைய வைல்டு பெற்றிருந்த அனுமதியை நீக்கி, அதைத் தன் ஏட்டிலும் பதிந்தது. அதே அருங்காட்சியகத்திடம்தான் 1909இல் ராஸ், ஐம்பதாண்டுகள் திறக்கலாகாது என்னும் நிபந்தனையோடு, சிறைமடலின் மூலப்படியை ஒப்படைத்தார். அப்படிப்பகத்தின் வழித்தோன்றலான பிரித்தானிய நூலகம் 2025 அக்டோபரில் வைல்டின் பெயருக்குப் புதியதொரு வாசகர் அட்டையை எழுதி, பேரர் மெர்லின் ஹாலண்டிடம் கொடுத்தது. நீலத் தாள்களில் எழுதப்பட்ட அந்த மடலும் அந்நூலகத்தில்தான் இருக்கிறது.