நரகத்துள் ஒரு படகுச் சவாரி: கருப்பொருள் பூங்காக்களில் தொழில்நுட்பமும் தோய்வும்

காட்சியைக் காண்போர் அதற்குப் புறத்தே நில்லாமல் அதனுள்ளேயே புகுந்து உலவுமாறு அமைக்கப்படும் கேளிக்கை இடங்கள் இன்று பெருகி வருகின்றன. மெய்நிகர்க் கண்ணாடி, சுவரெங்கும் படரும் ஒளிப்படிமம், அசையும் இருக்கை, முப்பரிமாணத் திரை ஆகியன இவற்றின் கருவிகள். இவை காண்போரிடம் உண்டாக்கும் நிலையை ‘அமிழ்தல்’ எனச் சிலர் வழங்குவர். நாம் ‘தோய்வு’ என்னும் சொல்லை இங்கு ஆள்கிறோம். நீரில் அமிழ்ந்த பொருள் கண்ணுக்கு மறைந்துவிடும்; சாயத்தில் தோய்ந்த துணியோ நிறமேறி வெளிவரும். நாம் கருதும் அனுபவத்திற்குப் பின்னதே பொருந்துகிறது.

கருவி புதிதாக ஆக ஆகத் தோய்வும் மிகும் என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். நம் சமூகத்திலும், இளையோரை மரபின்பால் ஈர்க்க இத்தகைய கருவிகளே வழி என்னும் குரல் அடிக்கடி ஒலிக்கிறது. இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு அண்மையிலேயே ஓர் இடம் உள்ளது. சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் குன்றில் அமைந்த ஹா பார் வில்லா என்னும் சிற்பத் தோட்டமே அது.

டைகர் பாம் தைலத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆவ் பூன் ஹா, தம் இளவல் ஆவ் பூன் பாருக்காக இம்மாளிகையையும் தோட்டத்தையும் 1937இல் அமைத்தார். இருவரும் பர்மாவின் இரங்கூனில் பிறந்த சீனர். ‘ஹா’ புலியையும் ‘பார்’ சிறுத்தையையும் குறிக்கும் சொற்கள். தோட்டமெங்கும் சீனப் புராணங்களையும் நீதிக்கதைகளையும் சுதைச் சிற்பத் தொகுதிகளாக நிறுவி, பொதுமக்கள் கட்டணமின்றிக் காண விட்டனர். அவற்றுள் புகழ்பெற்றது ‘நரகத்தின் பத்து மன்றங்கள்’. இறந்தவர் ஒவ்வொரு மன்றமாகக் கடந்து, செய்த குற்றத்திற்கேற்பத் தண்டனை பெற்று, பத்தாம் மன்றத்தில் மறதி தரும் பானத்தை அருந்தி மறுபிறவி எடுப்பதாக அது விரிகிறது. நாவைப் பிடுங்குவோர், கத்திமலையில் எறியப்படுவோர் முதலிய உருவங்கள் அழகியவை என்று சொல்வதற்கில்லை. வண்ணம் அடர்ந்தது, செய்ந்நேர்த்தி கரடுமுரடானது. எனினும் இவற்றைச் சிறுவயதில் கண்டவர்கள் முதுமையிலும் மறப்பதில்லை.

1980களின் பிற்பகுதியில் சுற்றுலாத் துறையின் முன்முயற்சியால் இத்தோட்டம் திருத்தியமைக்கப்பட்டது. ஏறத்தாழ 8 கோடி வெள்ளிச் செலவில் உருவான ‘ஹா பார் வில்லா டிராகன் வேர்ல்டு’ 1990 அக்டோபரில் திறக்கப்பட்டது. அமெரிக்கக் கருப்பொருள் பூங்காக்களின் இலக்கணம் இதற்கு முன்மாதிரி. பல்லூடக அரங்குகளும் நீர்ச் சவாரியும் வந்தன. நுழைவுக் கட்டணமும் வந்தது. பத்து மன்றங்கள் ஒரு பெரிய டிராகனின் உடலுக்குள் வைக்கப்பட்டன. காண்போர் படகில் அமர்ந்து அவ்வுடலினூடே மிதந்து சென்றனர். நடந்து கண்ட நரகம் மிதந்து காணும் நரகமாயிற்று.

தொடக்கத்தில் கூட்டம் திரண்டது, பின்னர் தேய்ந்தது, நட்டம் வளர்ந்தது. 2001இல் நடத்துநரின் காலம் முடிந்து, தோட்டம் மீண்டும் சுற்றுலாக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. படகுகள் நின்றன. டிராகனின் உடலினூடே மக்கள் பழையபடி நடக்கலாயினர். இவ்வீழ்ச்சிக்குக் கட்டண உயர்வு, பராமரிப்புச் செலவு, பிற பொழுதிடங்களின் போட்டி எனப் புறக்காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் இலக்கிய மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. படகு வந்தபோது காட்சிக்கு நேர்ந்தது என்ன?

பத்து மன்றங்கள் தாமே பேசும் காட்சிகள் அல்ல. ஒருவன் நெஞ்சு பிளக்கப்படுவது தெரிகிறது. எக்குற்றத்திற்காக என்பது தெரிவதில்லை. அதனைச் சொல்ல ஒருவர் வேண்டும். பாட்டியோ தந்தையோ குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு மன்றத்தின் முன்னும் நின்று, ‘பெற்றோரை மதியாதவனுக்கு இது, பொய் சொன்னவனுக்கு இது’ என்று சொல்லுவர். குழந்தை கேள்வி கேட்கும். சொல்பவர் தமக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் கலந்து விடை தருவர். (கலப்பே மிகுதி என்பது நம் எண்ணம்.) காட்சி பாதி, கூற்று பாதி. படகு இக்கூற்றுக்கு உரிய நேரத்தைப் பறித்துக்கொண்டது. எங்கு நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எதனைக் குழந்தையின் கண்ணிலிருந்து மறைப்பது என்னும் தெரிவுகள் பெற்றோரிடமிருந்து இயந்திரத்தின் கைக்கு மாறின.

சீனர்க்கு மட்டும் உரியதன்று இக்காட்சி. ஐந்தாம் மன்றத்தின் அரசனான யன்லுவோ, பௌத்தத்தின் வழியே சீனம் சென்ற நம் யமராசனே. பத்து அரசர்களைப் பற்றிய சீனச் சூத்திரத்தின் பழஞ்சுவடிகள் துன்ஹுவாங் குகைகளில் கிடைத்துள்ளன. ஏடு புரட்டும் தீர்ப்பாளனைக் கண்ட தமிழர் அவனைச் சித்திரகுத்தன் என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பின் அது பெரும்பிழை ஆகாது. வேறொரு மரபின் காட்சிக்குத் தம் மரபின் கூற்றை இணைத்துக்கொள்ள அங்கு இடமிருந்தது. ஒலிபெருக்கியும் ஓடும் படகும் அவ்விடத்தை அடைத்துவிடும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்கு நமக்குத் துணைநிற்கிறது. மருட்கை பிறக்கும் களங்களாக அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கனைச் சுட்டுகிறது. தொழில்நுட்பம் முதலில் நம்பியிருப்பது புதுமையை. நான்கனுள் விரைவில் தேய்வதும் அதுவே. இருமுறை கண்டது மும்முறை வியப்பூட்டாது. டிராகன் வேர்ல்டு முதலாண்டுகளில் ஈட்டியது இவ்வியப்பை. சுதைச் சிற்பங்கள் விளைத்ததோ அச்சம். அச்சத்தின் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றை அவ்வியல் கூறுகிறது. பத்து மன்றங்களில் அணங்கும் உண்டு, தண்டிக்கும் இறையும் உண்டு. இவ்விரண்டும் கருவியின் புதுமையைச் சார்ந்தவை அல்ல. காண்போரின் உள்ளத்தில் முன்பே இருக்கும் நம்பிக்கையைச் சார்ந்தவை. அச்சப் பொருளை வியப்புப் பொருளாக மாற்றியதே டிராகன் வேர்ல்டின் அடிப்படைப் பிழை என்பது நம் கருத்து.

இதனால் இயந்திரமே தோய்வுக்குப் பகை என்று முடிவு கட்டுதல் தவறு. கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் 1969இல் திறக்கப்பட்ட ‘ஹாண்டட் மேன்ஷன்’ என்னும் பேய்மாளிகையிலும் மக்கள் ஊர்தியில் அமர்ந்தே செல்கின்றனர். அங்கு விருந்துக் கூடத்தில் ஒளி ஊடுருவும் பேய்கள் நடனமாடுகின்றன. அவை மறைவிடத்தில் சுழலும் பொம்மைகளின் பிம்பங்கள்; காண்போருக்கும் கூடத்திற்கும் இடையே நிற்கும் பெருங்கண்ணாடியில் அவை தெரிகின்றன. ஹென்றி டர்க்ஸ் கருதி, ஜான் ஹென்றி பெப்பர் 1862இல் இலண்டனில் மேடையேற்றிய உத்தி அது. நூறாண்டுப் பழமை கொண்ட உத்தியை 1969இல் ஆண்டனர். இன்றும் அது செயற்படுகிறது. ஊர்தியும் வெறுமனே ஓடுவதில்லை. கதைசொல்லி விரலால் சுட்டுவதுபோல, இருக்கை தேவையான இடத்தில் தேவையான பக்கம் திரும்புகிறது. மேலும், பேய்வீட்டுக் கதைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. அறக்கதையை ஓடும் ஊர்தியில் ஏற்றியதுதான் பாசிர் பாஞ்சாங்கில் நேர்ந்த இடர். செந்தோசாவில் 2011 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ சவாரி இன்னும் எளியது. காண்போரைப் போரின் நடுவே ஊர்தியில் ஏற்றி விடுகிறது. அதன் நோக்கம் அவ்வளவே, அதனை நிறைவாகவே செய்கிறது.

ஹா பார் வில்லாவின் அண்மைய வரலாறும் கருதத்தக்கது. 2021 அக்டோபரில் பத்து மன்றங்களை உள்ளடக்கி ‘நரக அருங்காட்சியகம்’ திறக்கப்பட்டது. இதற்குக் கட்டணம் உண்டு. எஞ்சிய தோட்டத்திற்கு இல்லை. இங்கும் புதுமை உள்ளது. குளிரூட்டப்பட்ட கூடமும், மரணம் குறித்துப் பல சமயங்கள் கொண்ட கருத்துகளை விளக்கும் காட்சிப்பகுதியும் அமைந்துள்ளன. ஆயினும் காண்போர் நடக்கின்றனர், நிற்கின்றனர், விளக்குநரோடு உரையாடுகின்றனர். பழமைக்குத் திரும்புதல் என்று இதனைச் சொல்லமாட்டோம். எந்தக் கருவி எங்கு நிற்கவேண்டும் என்று தெரிந்துகொண்ட பின் எடுத்த முடிவாகவே இதனைக் கருதுகிறோம். சிற்பங்களின் அச்சம் ஆய்வுக்குரிய அச்சமாகத் தணிந்துவிட்டது என்னும் குறை மட்டும் நமக்கு உண்டு.

இவையெல்லாம் தமிழாசிரியர்க்கு ஏன் என்று கேட்கலாம். பத்துமலையின் அடிவாரத்தில் இராமாயணக் குகை உள்ளது. வாயிலில் நெடிய அனுமன் சிலை. உள்ளே சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே வண்ண விளக்கொளியில் இராமகாதைக் காட்சிகள் சிற்பங்களாக நிற்கின்றன. ஹா பார் வில்லாவின் தமிழ் உடன்பிறப்பு என இதனைச் சொல்லலாம். பள்ளிகள் மாணவரை அங்கு அழைத்துச் செல்கின்றன. இத்தகைய இடங்களிலும் ஒளிப்படிமமும் காதொலிக்கருவியும் மெய்நிகர்க் கண்ணாடியும் வரவேண்டும் என்போர் உளர். வரட்டும். மங்கிய விளக்கும் உரிந்த வண்ணமும் மரபைக் காக்கும் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் காதொலிக்கருவி வந்த நாளில் முதலில் அடங்குவது ஆசிரியரின் குரல். அக்கருவி எம்மொழியில் பேசும் என்பதும் வருகையாளரின் தொகையைப் பொறுத்தே முடிவாகும். சுற்றுலாப் பயணியர் மிகுந்த இடத்தில் தமிழ் முதன்மை பெறும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இன்று அக்குகையில் ஆசிரியரின் வாயிலாகத் தமிழ் ஒலிக்கிறது, அதற்குத் தனிச்செலவு ஏதுமில்லை.

அங்கே உறங்கிக் கிடக்கும் கும்பகருணனின் பேருருவத்தை எண்ணிப் பார்ப்போம். மாணவர் அதன் முன் முதலில் சிரிப்பர். மெய்ப்பாட்டியல் வகையில் இது பெருமையின் வழிப் பிறக்கும் மருட்கை; நகையும் கலந்தது. திரைக்காட்சி இதனை எளிதில் பன்மடங்கு பெருக்கிவிடும். உருவம் புரளும், குறட்டை குகையை அதிரச் செய்யும். கம்பனின் கும்பகருணனோ உறக்கத்தால் மட்டும் நினைக்கப்படுபவன் அல்லன். தமையன் செய்தது தவறு என்று முகத்திற்கு நேரே சொன்னவன். தன்பால் வந்துவிடுமாறு வீடணன் அழைத்தபோதும் உண்ட சோற்றுக்கு உயிரைத் தரத் துணிந்து போர்க்களத்திலேயே நின்றவன். இதனைச் சிரிப்பு அடங்கிய பின்னரே சொல்ல முடியும். அதற்கு ஓர் ஆசிரியரும், கூட்டம் நகராமல் நிற்கக்கூடிய ஐந்து நிமிடமும், ஒலிபெருக்கி இல்லாத ஒரு மூலையும் வேண்டும். குகையைப் புதுப்பிக்கத் திட்டமிடுவோர் விளக்கு வரைபடத்தில் அம்மூலையையும் குறித்துக்கொண்டால் போதும்.